தம்பிக்குக் காட்ட ஒரு டாக்குமென்டரி

யூடியூபில் தமிழில் 'மரபணு' என்று தேடிப் பாருங்கள். சிவப்பு அம்புக்குறி போட்ட படங்கள் வரிசையாக வந்து நிற்கும். பாதி வீடியோக்களில் யாரோ ஒருவர் மூச்சு விடாமல் பேசுகிறார். மீதியில் டிஎன்ஏவைச் சித்தர்களோடு முடிச்சுப் போடுகிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது அதுவல்ல. என் தம்பி உட்கார்ந்து பார்க்கிற மாதிரி, செல்லையும் ஜீனையும் பற்றி நல்லதாக ஒரு டாக்குமென்டரி.

காரணம் இதுதான். தம்பி மகளை எங்கள் பெரிய ஆச்சி மகனுக்குப் பேசலாம் என்று போன தை மாதம் பேச்சு எழுந்தது. செட்டிநாட்டில் இது புதிதா என்ன? அயித்தை மகன், அம்மான் மகள் முறை. கோயில் வேறு, ஜாதகம் பொருந்துகிறது, பிள்ளைகளுக்கும் விருப்பம்தான். எனக்குத்தான் மனசு ஒட்டவில்லை. எங்கள் சின்னாத்தா மகளும் அவள் வீட்டுக்காரரும் இதே முறையில் கட்டிக்கொண்டவர்கள். அவர்கள் பையனுக்கு எட்டு வயது. பிறவியிலேயே காது கேட்காது.

"அதுக்கும் இதுக்கும் என்ன ஆச்சி சம்பந்தம்? ஆத்தாவும் அப்பச்சியும் சொந்தத்துலதானே கட்டுனாக. நாம மூணு பேரும் நல்லாத்தானே இருக்கோம்?" என்றான் தம்பி.

நியாயமான கேள்வி. பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்து, கல்யாணத்தோடு புத்தகத்தை மூடியவள் நான். வாயால் பதில் சொன்னால் சண்டையில் முடியும். அவனோ சிங்கம், புலி டாக்குமென்டரி என்றால் சாப்பாட்டை மறந்து பார்ப்பவன். சரி, அந்த வழியாகவே போவோம் என்று இரண்டு மாதம் தேடினேன்.

முதலில் கிடைத்தது 'தி இன்னர் லைஃப் ஆஃப் தி செல்'. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக 2006-ல் செய்த அனிமேஷன், எட்டே நிமிடம். அதில் கினெசின் என்ற புரதம், தன்னைவிடப் பல மடங்கு பெரிய மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு கயிற்றின் மேல் ஒவ்வோர் அடியாக நடந்து போகும். சந்தைப்பேட்டையில் மூட்டை தூக்குகிறவர்களை அப்படியே பார்த்த மாதிரி இருந்தது. அழகுதான். ஆனால் நிஜ செல்லுக்குள் இவ்வளவு அமைதி கிடையாது. தேர்த் திருவிழா நெரிசல்தான். அதைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும்.

பிபிசி 2012-ல் எடுத்த 'தி ஹிடன் லைஃப் ஆஃப் தி செல்', வைரஸ் செல்லுக்குள் நுழைவதைப் போர்ப் படம் மாதிரி காட்டுகிறது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், எனக்குச் சத்தம் அதிகம். அதே பிபிசியில் ஆடம் ரூதர்ஃபோர்டு 2009-ல் தொகுத்து வழங்கிய 'தி செல்' நிதானமானது, மூன்று பாகம். ஹாலந்துத் துணி வியாபாரி லேவன்ஹுக் தானே லென்ஸ் தேய்த்து, குளத்துத் தண்ணீரில் உயிர்களைப் பார்த்த கதை அதில் வருகிறது. துணியின் நூலைப் பார்க்கத்தான் அவர் முதலில் லென்ஸைக் கையில் எடுத்தாராம். கண்டாங்கிச் சேலை நெய்கிற ஊர்க்காரிக்கு இது போதாதா, அன்று முழுக்க எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதில் தமிழ் சப்டைட்டில் என்று தானாக மொழிபெயர்த்து வருவதை மட்டும் நம்பாதீர்கள். ஓரிடத்தில் 'செல்' சிறைக் கொட்டடி ஆகிவிட்டது. ஆங்கில எழுத்தை ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி நாமே சொல்வதுதான் உத்தமம்.

தம்பியை நிமிர்ந்து உட்கார வைத்தது 'ஜர்னி ஆஃப் மேன்' என்ற 2003-ஆம் வருடப் படம். ஸ்பென்சர் வெல்ஸ் என்ற மரபியல் அறிஞர், ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்கள் உலகெங்கும் பரவிய வழியைத் தேடிப் போகிறார். அந்த வழியில் நம் மதுரை! காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் அவரும் சேர்ந்து, உசிலம்பட்டிப் பக்கத்து இளைஞர் ஒருவரின் ஒய் குரோமோசோமில் 'எம்130' என்ற அடையாளத்தைக் காட்டுகிறார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடிகள் பலரிடமும் இருக்கிற அடையாளம் அது. கடற்கரையோரமாகவே நடந்துபோன முன்னோர் விட்டுச்சென்றது என்கிறது படம்.

ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று மட்டுமே போகும் என்றதும், "அட, நம்ம கோயில் மாதிரியா?" என்றான் தம்பி.

அதேதான். நகரத்தாருக்கு ஒன்பது கோயில். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று அப்பச்சி வழியில் வருவது. ஒரே கோயிலென்றால் பங்காளி. பெண் கொடுத்து எடுப்பதில்லை. (சில கோயில்களில் உட்பிரிவுக் கணக்கு தனி.) சுவீகாரம் வந்த பிள்ளைக்குக் கோயில் மாறிவிடும், குரோமோசோம் மாறாது, அது வேறு விஷயம்.

அங்கேதான் படத்தை நிறுத்தினேன். "ஒய் ஒன்றுதான் அப்பச்சி வழி. மிச்சமெல்லாம் ஆத்தா பாதி, அப்பச்சி பாதி. பெரிய ஆச்சி கட்டிப்போனதில் அவள் கோயில் மாறிச்சு. நம்ம ஆத்தா, அப்பச்சி கொடுத்த ஜீன் மாறுமா? அதில் பாதி அவ மகன்கிட்ட இருக்கு. உன் வழியில பாதி உன் மகள்கிட்ட இருக்கு." அத்தை, மாமன் பிள்ளைகளுக்குப் பொதுவாக இருப்பது சராசரியாக எட்டில் ஒரு பங்கு. பெரியவர்களும் சொந்தத்திலேயே கட்டியிருந்தால் இன்னும் கூடும்.

தம்பி பதில் சொல்லவில்லை. டீ கேட்டான்.

'நாம நல்லாத்தானே இருக்கோம்' என்ற அவன் கேள்விக்கு இன்னொரு குட்டிப் படம் உதவியது. ஹோவர்டு ஹியூஸ் மருத்துவ நிறுவனம் பள்ளிகளுக்காக இலவசமாகத் தருகிற 'பயோஇன்டராக்டிவ்' வரிசையில், அரிவாள் செல் சோகை பற்றிய கால் மணி நேரப் படம். நம் நீலகிரிப் பழங்குடிகளிடமும் 1952-லேயே கண்டறியப்பட்ட நோய்தான் இது. பழுதுபட்ட ஜீன் ஒன்று மட்டும் வந்தால் பெரும்பாலும் தொந்தரவில்லை. மலேரியாவிலிருந்து பாதுகாப்புகூட உண்டு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய். ஆக, நன்றாக இருப்பவர்களே அதைச் சுமந்துகொண்டிருக்கலாம். பிறவிக் காதுகேளாமையிலும் பல வகைகள் இதே கணக்கில்தான் வருகின்றன.

பயமுறுத்தவும் எனக்கு விருப்பமில்லை. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் செய்து 2013-ல் வெளியான பெரிய ஆய்வில், பிறவிக் குறைபாடு பொதுவாக 100 குழந்தைகளுக்கு 3 என்றால், இப்படி நெருங்கிய சொந்தத்தில் மணந்தவர்களுக்கு 6. அதாவது 94 குழந்தைகள் நன்றாகத்தான் பிறக்கின்றன. இதையும் தம்பியிடம் மறைக்காமல் சொன்னேன். "அப்ப அந்த ஆறுல வருமான்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்க முடியாதா, அயித்தை?" என்று கேட்டது அவன் மகள்தான்.

மதுரையில் மரபியல் ஆலோசனைக்குப் பிள்ளைகள் இருவரும் போய் வந்தார்கள். டாக்டர் முதலில் கேட்டது அவர்கள் ரத்தத்தை அல்ல. காது கேட்காத பையனுடையதை. எந்த ஜீனில் கோளாறு என்று அவனிடம் கண்டுபிடித்தால்தான், அது இவர்களிடம் இருக்கிறதா என்று சரியாகத் தேட முடியுமாம். சின்னாத்தா மகளிடம் இதை எப்படிக் கேட்பது என்று மூன்று நாள் தவித்தோம். கேட்டபோது அவள், "எங்களுக்கு அன்னைக்கு யாரும் சொல்லலையே ஆச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுநாள் பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

முடிவுக்காகக் காத்திருக்கிறோம். கல்யாணப் பேச்சை ஒத்திப்போட்டிருக்கிறோம். தம்பி இப்போது சித்தார்த்த முகர்ஜி புத்தகத்தை வைத்து 2020-ல் எடுத்த 'தி ஜீன்' பார்த்துக்கொண்டிருக்கிறான். நான்கு மணி நேரப் படம், பாதியில் நிற்கிறான்.

ரத்தம் கொடுக்க வந்த அன்று, பையன் அழாமல் இருக்க அந்தக் கினெசின் வீடியோவைப் போட்டுக் கொடுத்தேன். பேச்சில்லாமல் இசை மட்டும் உள்ள மூன்று நிமிடப் பதிப்பு. ஐந்து முறை பார்த்தான். பிறகு தலையணையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு, வளவின் இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரை ஒவ்வோர் அடியாக நடந்து காட்டினான்.