அப்பாவை அடித்த முனி

இன்ஷூரன்ஸ் பாலிசிக்காகப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். ‘பெற்றோர் யாருக்கேனும் பக்கவாதம் உண்டா?’ என்று ஒரு கேள்வி. ‘இல்லை.’ அடுத்தது, ‘தந்தை இறந்த காரணம்?’ ‘மாரடைப்பு’ என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் பேனா நின்றது. மாரடைப்பு என்று யார் சொன்னார்கள்? யோசித்துப் பார்த்தால், நான்தான்!

ஊர் சொன்ன காரணம் வேறு. ‘முனி அடிச்சிருச்சு.’ 1991-ல், வாடிப்பட்டிப் பக்கம், உச்சி வெயிலில் வயக்காட்டில் விழுந்தார் அப்பா. வயசு 52. நான் ஆறாம் கிளாஸ், ஹாஸ்டலில் இருந்தேன். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிறகு காலேஜில் யாராவது கேட்டால் முனியைச் சொல்ல வெட்கம். ‘ஹார்ட் அட்டாக்’ என்று சொல்லிச் சொல்லி, அதுவே நிஜமாகிவிட்டது.

அன்று மெடிக்கல் செக்கப்பில் என் பி.பி. 160/100. நர்ஸ் இரண்டாம் தடவையும் பட்டையைக் கட்டிப் பார்த்தார். குறையவில்லை. “அப்பாவுக்கு என்னதான் வந்துச்சுன்னு வீட்ல சரியா கேட்டுட்டு வாங்க” என்றார் டாக்டர்.

ஊரில் அத்தைக்கு போன் போட்டேன்.

“விழுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி காபி டம்ளர் கையை விட்டு நழுவிருச்சுடா. வலது கை. பேச்சும் குழறுச்சு. ‘என்னண்ணே, குடிச்சிருக்கியா’ன்னுகூட கேட்டுப்புட்டேன். அரை மணி நேரத்துல சரியாப் போச்சு. அப்புறம் விழுந்தப்ப வாய் ஒரு பக்கமா கோணிக்கிட்டுச்சு...”

அப்பா குடிக்க மாட்டார். அந்த அரை மணி நேரம்தான் டாக்டர்கள் சொல்லும் மினி ஸ்ட்ரோக். மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் தடைபட்டு, தானே சரியாகிவிடும். சரியாகிவிட்டதே என்று விடாமல், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய எச்சரிக்கை அது. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு அமெரிக்காவிலேயே 1996-ல்தான் அனுமதி கிடைத்தது. ஆனால் பி.பி. மாத்திரை 91-லும் இருந்தது. வாடிப்பட்டியிலும் இருந்திருக்கும்.

பி.காம். படித்தவனுக்கு இதெல்லாம் கணக்காகத்தான் புரிகிறது. பேலன்ஸ் ஷீட்டுக்குக் கீழே ‘கன்டின்ஜென்ட் லயபிலிட்டி’ என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு போடுவார்கள். வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்கிற கடன். அதை மறைத்தால் ஆடிட்டர் சும்மா விட மாட்டார். நான் முப்பது வருஷத்துக்கு மேல் மறைத்திருக்கிறேன்.

அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்கிற ஊர்க்காரர்களை 1948-லிருந்து தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வருகிறார்கள். 2010-ல் வெளியான முடிவு: அப்பாவுக்கோ அம்மாவுக்கோ 65 வயதுக்குள் ஸ்ட்ரோக் வந்திருந்தால், பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. பி.பி., சிகரெட் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இது நிற்கிறது. மூன்று மடங்கு என்றால் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. ஆனாலும் வயிற்றில் புளி கரைத்தது.

ரத்தத்தோடு சமையலறையும் சேர்ந்துதான் வருகிறது. எங்கள் வீட்டில் கருவாடு, உப்புக்கண்டம், மோர் மிளகாய், தயிர்சாதத்துக்கு மேல் உப்பு தூவுவது... அப்பா சாப்பிட்ட அதே தட்டு எனக்கும். ஜீனை மாற்ற முடியாது. உப்பு ஜாடியைச் சாப்பாட்டு மேஜையிலிருந்து எடுத்துவிட்டேன். மாத்திரையும் ஆரம்பித்தாகிவிட்டது. தம்பிதான் பிடி கொடுக்கவில்லை. “மாத்திரை போட்டா வாழ்நாள் பூரா போடணுமாமேண்ணே?” என்கிறான். வாழ்நாள் எவ்வளவு என்பதுதானே பிரச்னை!

படிவத்தை அடித்து ‘பக்கவாதம்’ என்று திருத்தினேன். பிரீமியம் ஏறியது. ஏறட்டும்.

போன வாரம் ஊருக்குப் போனபோது அத்தை கேட்டார். “ஏண்டா, எனக்கும் பாக்கணுமா?” வயசு 76. குடும்பத்தில் யார் எப்படி விழுந்தார்கள் என்று விரல் விட்டுச் சொல்கிறவர், தன் பி.பி.யை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

190/110.

டாக்டர் கொடுத்த சீட்டை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, வாசல்படி இறங்கும்போது கேட்டார்:

“அப்ப அன்னைக்கு முனிக்கு வெட்டுன கிடா?”