அகமதாபாத்: சந்துக்குள்ள சந்து, வீட்டுக்கு அடியில தண்ணி!

அகமதாபாத்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சபர்மதி ஆசிரமம், ஐ.ஐ.எம்., டோக்ளா... அதானே! ஆனா ஊருக்குள்ள இன்னொரு ஊர் இருக்கு பாஸ். சபர்மதி ஆற்றின் கிழக்குக் கரையில, 1411-ல் சுல்தான் அகமது ஷா உருவாக்கிய பழைய நகரம். 2017-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அந்த அந்தஸ்து முதலில் கிடைச்சது இந்த ஊருக்குத்தான். செமஸ்டர் லீவில், டிசம்பர் குளிரில், ஒரு முழு நாள் அங்கே சுத்தினேன்.

சுத்திப் பார்க்க சுலபமான வழி, மாநகராட்சி நடத்தும் ஹெரிடேஜ் வாக். 1997-லேருந்து நடக்குது. காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் காலையில் கிளம்பி, ஜும்மா மசூதியில் போய் முடியும். 1822-ல் கட்டிய கோயில் அது. மரத்தூண்களில் அடிச்சிருக்கிற கலரைப் பார்த்தாலே தூக்கம் கலைஞ்சிடும்.

கோயிலைத் தாண்டியதும் 'போள்' ஆரம்பம். போள்னா நம்ம ஊர் அக்ரஹாரம், வளவு மாதிரி ஒரு குடியிருப்பு. பெரிய கதவு வெச்ச ஒரு வாசல், உள்ளே நுழைஞ்சா ரெண்டு பேர் எதிரெதிரே வந்தா ஒருத்தர் ஒதுங்கணும், அவ்வளவுதான் சந்து. நடுவில் புறாவுக்கும் கிளிக்கும் தீனி போட கம்பத்து மேல ஒரு குட்டி மண்டபம், பேரு 'சபூத்ரா'. லாம்பேஷ்வர் போளில் 19-ம் நூற்றாண்டுக் கவிஞர் தல்பத்ராம் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கார். வெண்கலச் சிலைங்க! வீட்டின் முகப்பு மட்டும்தான் மிச்சம். பக்கத்துல உட்கார்ந்து செல்ஃபி எடுக்காம யாரும் நகர்றதில்லை.

இன்னொரு போளில், நாங்க எட்டிப் பார்த்ததைக் கவனிச்ச ஒரு பாட்டி, "ஆவோ, ஆவோ"னு உள்ளே கூப்பிட்டாங்க. குஜராத்தியில் பாட்டியை 'பா'னுதான் கூப்பிடணுமாம். எங்க அரைகுறை இந்தியை அவங்க பேரன் மொழிபெயர்த்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஃப்ளாட்டில் இருக்கிறவர், பாவைப் பார்க்க வந்திருந்தார். என்னைப் போலவே இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்.

வீட்டு நடுவில் திறந்த முற்றம். தரையில் ஒரு கல் மூடி. பா அதை நகர்த்தச் சொன்னாங்க. செல்போன் டார்ச்சை அடிச்சா... அடியில் ஒரு அறை அளவுக்குத் தண்ணி! இதுக்குப் பேரு 'டாங்கா'. கூரையில் விழற மழை குழாய் வழியா இங்கே இறங்குது. முதல் மழையில் கூரை அழுக்கு போகட்டும்னு வெளியே விட்டுடுவாங்க. அடுத்து வர்றதுதான் உள்ளே. சுவரெல்லாம் சுண்ணாம்புப் பூச்சு. வெளிச்சம் படாததால பாசி பிடிக்கறதில்லை. செப்புக் குடத்தில் மொண்டு கொடுத்தாங்க. ஜூலை மாச மழையை டிசம்பரில் குடிச்சேன், ஜில்லுனு! தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினது 2003-ல். எங்க தெருவில் பல வீட்டில் அந்தக் குழாய் எங்கே போய் முடியுதுன்னு வீட்டுக்காரருக்கே தெரியாது. பாவுக்கு அவங்க தண்ணி எந்த ஓட்டு மேல விழுந்ததுன்னு கூடத் தெரியுது.

அண்ணாந்து பார்த்தா எல்லாம் தேக்கு. செங்கல் சுவருக்குள்ளேயும் உயரத்துக்கு உயரம் படுக்கையா மர உத்தரம் ஓடுது. அழகுக்காகன்னு நினைச்சுடாதீங்க. 2001 ஜனவரி 26, புஜ் பூகம்பம். அங்கேயிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்தும், அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் இடிஞ்சு நூற்றுக்கணக்கானவங்க இறந்தாங்க. கீழ்த்தளத்தை கார் நிறுத்தறதுக்காக வெறும் தூணில் நிறுத்தின கட்டடங்கள் அதில் நிறைய. சிவில் படிக்கிறவங்க அதை 'சாஃப்ட் ஸ்டோரி'ன்னு சொல்வாங்க. பழைய நகரத்து மரவீடுகளுக்குப் பெரிய சேதமில்லை. சுவர் ஆடினாலும் மரம் அதைச் சிதற விடாம இழுத்துப் பிடிச்சுக்குது. ரெண்டு கிரெடிட் பாடத்தை பா வீட்டு உத்தரம் ரெண்டு நிமிஷத்தில் நடத்திடுச்சு.

அப்புறம் ஏன் இந்த வீடுகள் காலியாகுது? பேரன் அடுக்கினார்: பைக்கை மூணு சந்து தள்ளி நிறுத்தணும். ஆம்புலன்ஸ் உள்ளே வராது. செங்குத்தான மரப்படியில் பா ஏற முடியாம மாடியே பூட்டிக் கிடக்கு. வீடு ஏழு பேர் பேரில் இருக்கு, ஓடு மாத்தக்கூட ஏழு கையெழுத்து. பக்கத்து வீடு ஏற்கெனவே குடோன். இவங்க வீட்டையும் ஒரு வியாபாரி விலைக்குக் கேட்கிறாராம். நமக்கென்ன, ஒரு போட்டோ எடுத்துட்டு 'வாவ்'னு போயிடுவோம்! மாடி ஏற வேண்டியது பாதானே? அவர் சொன்ன எதையும் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. "டாங்கா?"ன்னு மட்டும் கேட்டேன். "குடோனுக்கு எதுக்குத் தண்ணி, மூடிடுவாங்க"ன்னார். பா என்ன பேசிக்கிறோம்னு கேட்டாங்க. அவர் மொழிபெயர்க்கலை.

மத்தியானம் ஜும்மா மசூதி. 1424-ல் முடிச்சது, 260 தூண். அதோட மினார்கள் 1819 பூகம்பத்தில் போச்சு. சாரங்பூர் பக்கம் இருக்கிற சீதி பஷீர் 'ஆடும் மினார்கள்' இன்னும் நிக்குது. ஒண்ணை ஆட்டினா இன்னொண்ணும் ஆடுமாம். மெக்கானிக்கல்காரனுக்கு இதைவிட என்ன வேணும்? ஆனா மேலே ஏற அனுமதியில்லை, கீழே நின்னு பெருமூச்சு விட்டதோட சரி. லால் தர்வாஜாவில் சீதி சையது மசூதியின் கல் ஜன்னலை மட்டும் விட்டுடாதீங்க. 1573 வாக்கில் கல்லில் ஒரு மரத்தையே பின்னி வெச்சிருக்காங்க. ஐ.ஐ.எம். அகமதாபாத் லோகோ அதிலிருந்து வந்ததுதான்.

ராத்திரி மானெக் சௌக். பகலில் நகைக்கடை வீதி, ஷட்டர் இறங்கினதும் அதே இடம் சாப்பாட்டுக் கடை. நம்ம தோசை மேல சீஸை மழையாக் கொட்டறாங்க, ஐயோ பாவம் தோசை! பேரனும் வந்திருந்தார். வீட்டு விஷயம் எப்போ முடிவாகும்னு கேட்டேன். ஜனவரி 14 உத்தராயணத்துக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போன சொந்தமெல்லாம் திரும்பி வருமாம், பட்டம் விட. ஏழு கையெழுத்துக்காரங்களும்தான். "அது வரைக்கும் யாரும் பேச்சே எடுக்க மாட்டாங்க. மொட்டை மாடி வேணுமே"ன்னு சொல்லிட்டு, இன்னொரு தோசை ஆர்டர் பண்ணினார்.