தண்ணீரின் ஓப்பனிங் பேலன்ஸ்

பி.காம். முடிச்சு பேங்குல குப்பை கொட்டறவனுக்கு பிஹெச் கணக்கோட என்ன வேலைன்னு கேக்கறீங்களா? அகமதாபாத்ல பதினொண்ணாம் கிளாஸ் சி.பி.எஸ்.இ. படிக்கிற பொண்ணு இருந்தா எல்லா வேலையும் உண்டு. ஈக்விலிபிரியம் பாடத்துல மார்க் சரிஞ்சதும், "பேசாம நானும் காமர்ஸ் மாறிடறேன்ப்பா"ன்னுட்டா. மாறினா எனக்குச் சந்தோஷம்தான். ஆனா ஒரு பாடத்துக்குப் பயந்து ஓடி வர்றதா இருந்தா வேணாம். அதனால புத்தகத்தைப் பிரிச்சு வெச்சு ரெண்டு பேரும் உக்காந்தோம்.

முதல் தடங்கல் தமிழ்லயே. அமிலம் புரிஞ்சது. காரம்னதும் "மிளகாயா?"ன்னா. வெளியூர்ல வளர்ற பிள்ளைங்களுக்குக் காரம்னா நாக்குல எரியறது மட்டும்தான்! ஆப்பசோடா கரைச்ச தண்ணிதான் இந்தக் காரம்னு சொல்லிப் புரிய வெச்சேன்.

பிஹெச்சைக் கொண்டு வந்தவர் சோரன்சன், 1909ல, கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்துல (ஆமா, அந்த பீர் கம்பெனியேதான்). லிட்டருக்கு 0.01 மோல் ஹைட்ரஜன் அயனி, அதாவது பத்தின் அடுக்கு மைனஸ் 2 இருந்தா பிஹெச் 2. 0.001ன்னா 3. நம்பர் ஒண்ணு ஏறினா சரக்கு பத்துல ஒரு பங்காயிடும். காரத்துக்கு ஹைட்ராக்சைடை இதே மாதிரி எண்ணி 14லேர்ந்து கழிக்கணும். 0.001 மோல் காஸ்டிக் சோடான்னா 11. எல்லாம் 25 டிகிரி செல்சியஸ்ல.

அசிட்டிக் அமிலத்துல குழம்பினா. 0.1 மோல்தானே, பிஹெச் ஏன் 1 இல்லை, 2.87னு கேட்டா. இது நம்ம ஏரியா! சாங்ஷன் பண்ணின லிமிட் வேற, பார்ட்டி எடுத்த பணம் வேற. ஹைட்ரோகுளோரிக் அமிலம் லிமிட் முழுக்க எடுத்துடும். அசிட்டிக் நூத்துக்கு ஒண்ணே கால் சொச்சம்தான் எடுக்கும். எடுத்ததுக்குத்தான் பிஹெச்.

கடைசியா அந்தக் கணக்கு. ஹைட்ரோகுளோரிக் அமிலம், பத்தின் அடுக்கு மைனஸ் 8 மோல். ஃபார்முலாப்படி 8ன்னு எழுதியிருந்தா. 7க்கு மேல போனா காரமாச்சே! அமிலத்துல எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் அது காரமாகுமா? சுத்தத் தண்ணியிலேயே பத்தின் அடுக்கு மைனஸ் 7 மோல் ஹைட்ரஜன் அயனி உண்டு. இந்த அமிலம் போட்டதைவிட அது பத்து மடங்கு. புது டெபாசிட்டைப் பாத்தோம், ஓப்பனிங் பேலன்ஸை விட்டுட்டோம்.

சும்மா கூட்டினாலும் தப்பு. ஹைட்ரஜன், ஹைட்ராக்சைடு ரெண்டையும் பெருக்கினா பத்தின் அடுக்கு மைனஸ் 14 வந்தாகணும். அமிலம் வந்ததும் தண்ணி தன் பங்கைக் கொஞ்சம் குறைச்சுக்கும், 1லேர்ந்து 0.95ஆக. அமிலத்தோட 0.1ஐச் சேத்தா 1.05. பிஹெச் 6.98.

அதே அளவு காஸ்டிக் சோடாவுக்கு என்னன்னு கேட்டேன். பேப்பரைத் தொடாமலே 7.02ன்னா.

குரூப் மாத்தறதா இருந்தா மாசக் கடைசிக்குள்ள ஸ்கூல்ல எழுதிக் கொடுக்கணுமாம். இன்னும் கொடுக்கலை. உங்க வீட்டுலயும் பதினொண்ணாம் கிளாஸ் இருந்தா அந்த மைனஸ் 8 கணக்கைக் குடுத்துப் பாருங்க. ஃபார்முலாவைச் சொல்லாதீங்க, 8 வந்தா என்ன அர்த்தம்னு மட்டும் கேளுங்க.