சேங்கொட்டைக் குறி

எங்கள் வீட்டுத் திண்ணை மாடத்தில் எப்போதும் சேங்கொட்டை கிடக்கும். ஊசியால் குத்தி, கசிகிற பாலைத் துணி ஓரத்தில் இழுத்துவிட்டால் எத்தனை வெள்ளாவி கண்டாலும் அந்தக் கறுப்பு போகாது. இரண்டு கோடும் ஒரு புள்ளியும் மணியக்காரர் வீடு. மூன்று புள்ளி செட்டியார் வீடு. ஊரில் நாற்பது வீடு, நாற்பது குறி. எழுதப் படிக்கத் தெரியாத அப்பா ஒரு துணியைக்கூட வீடு மாற்றிக் கொடுத்ததில்லை.

1953 ஜூன். பவானிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் மூன்றாம் வகுப்பு. முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டம் அந்த ஆண்டுதான் கிராமப் பள்ளிகளுக்கு வந்தது. படிப்பு மூன்று மணி நேரம். மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரிடம் இருந்து அவர்கள் தொழிலைப் பழக வேண்டும். கட்டடமும் வாத்தியாரும் போதாத காலம் அது. ஒரே பள்ளியில் இரண்டு வேளை வகுப்பு வைத்தால் இரண்டு மடங்குப் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கை நான் பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்தது வேறு. மத்தியானமானால் கணக்குப்பிள்ளையின் மகன் தன் அப்பாவின் பேரேட்டைப் புரட்டினான். நான் ஆற்றுத் துறைக்குப் போய் உவர்மண் கரைத்தேன்.

ஒரு நாள் குறி போடும்போது சேங்கொட்டைப் பால் மணிக்கட்டில் பட்டுவிட்டது. இரவுக்குள் கொப்பளித்துப் புண்ணாகிவிட்டது. துணி வாங்க வந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்து, "தொழிலு கையில ஏறுது, நல்லதுதானே. குறி படிச்சாப் போதாதா உம்பட மவனுக்கு?" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. அவர் போன பிறகு என் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, "குறி எனக்குத் தெரியும் கண்ணு. உனக்கு எழுத்துத் தெரியோணும்" என்றார்.

ஈரோட்டில் நடந்த பெரியார் கூட்டத்துக்கு அப்பா நடந்தே போய் வந்தார். வரும்போது அந்தத் திட்டத்துக்கு ஒரு புதுச் சொல்லைக் கொண்டுவந்தார்: குலக்கல்வி. அதன் பிறகு எங்கள் வீட்டில் ராஜாஜியைக் குறிக்கும் 'ஆச்சாரியார்' என்பது வசைச்சொல் ஆகிவிட்டது. அப்பா ஒரு கறுப்புச் சட்டை தைத்துக்கொண்டார். ஊர்த் துணிகளோடு சேர்க்காமல் அதைத் தனியாகத் துவைத்துக் காயப்போடுவார்.

எதிர்ப்பு மாநிலமெங்கும் மூண்டது. காங்கிரசுக்குள்ளேயே ராஜாஜிக்கு ஆதரவு கரைந்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. ஜூனில் பள்ளி திறந்தபோது மத்தியான மணி அடித்த பிறகும் நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த உட்காரல்தான் என்னைச் சென்னையில் ஓர் அரசு அலுவலக மேசை வரைக்கும் கொண்டுவந்தது.

ஊரை விட்டு வந்தேனே தவிர, ராஜாஜி மேல் இருந்த வெறுப்பை விடவில்லை. 1939இல் கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்தவர் அவர்தான் என்று நண்பர்கள் சொன்னால்கூட, 1938இல் கட்டாய இந்தியை எதிர்த்த பெரியாரைச் சிறையில் வைத்தது யார் ஆட்சி என்று திருப்பிக் கேட்பேன். இருவரும் சிநேகிதர்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒருவர் சேலம் நகராட்சித் தலைவர், இன்னொருவர் ஈரோடு நகராட்சித் தலைவர். ராஜாஜி அழைத்துத்தான் பெரியார் காங்கிரசுக்கே வந்தார். 1925இல் காஞ்சிபுரம் மாநாட்டோடு அவர் வெளியேறிய பிறகு அரசியலில் இருவரும் எதிரெதிர்த் திசை. ஆனாலும் 1949இல் தன் திருமணம் பற்றி யோசனை கேட்கப் பெரியார் போனது திருவண்ணாமலைக்கு வந்திருந்த ராஜாஜியிடம்தான். அந்தத் திருமணத்தால் இயக்கமே பிளந்தது. ராஜாஜி கெடுத்துவிட்டார் என்று ஊரே பேசியது. என்ன பேசினோம் என்று பெரியார் வெளியே சொல்லவில்லை. இவ்வளவும் படித்திருந்தேன். எதுவும் மனதில் இறங்கவில்லை.

1972 டிசம்பர் 25 அன்று மாலை ராஜாஜி காலமானார். மறுநாள் கூட்டத்தோடு கூட்டமாக நானும் சுடுகாட்டுக்குப் போனேன். அஞ்சலி செலுத்தப் போனதாகச் சொன்னால் பொய். ஒரு காலம் முடிவதைப் பார்க்கப் போனேன்.

சக்கர நாற்காலியில் பெரியார் வந்தார். தொண்ணூற்று மூன்று வயது. கறுப்புச் சட்டை, நெஞ்சில் புரளும் வெள்ளைத் தாடி. சிதையையே பார்த்துக்கொண்டிருந்தவர் அழத் தொடங்கினார். கண் கசிவதோடு நிற்கவில்லை. உடம்பு குலுங்கக் குலுங்க, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பில்லாமல், குழந்தை போல அழுதார். என் அருகில் நின்ற கதர்ச் சட்டைக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். என் கை தானாக மணிக்கட்டுத் தழும்பைத் தடவியது.

பெரியாரிடமிருந்து பகையைக் கற்றுக்கொண்டதாகப் பதினெட்டு ஆண்டுகள் நினைத்திருந்தேன். அவரிடமோ பகையே இல்லை. என்னைப் போன்ற பிள்ளைகளுக்காக அவர் அந்தத் திட்டத்தோடு மோதினார், சிநேகிதருக்காக ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. அந்த மோதலுக்காகச் சிநேகிதத்தையும் குறைக்கவில்லை. இரண்டும் முழுசாக அவரிடம் இருந்தன. நான் பாதியைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்குக் கடிதம் எழுதினேன். பக்கத்து வீட்டுப் பையனை வாசிக்கச் சொல்லி அப்பா மூன்று தடவை கேட்டாராம்.

1973 டிசம்பர் 24. பெரியாரும் போய்விட்டார். சிநேகிதர் போன ஓராண்டு நிறைய ஒரு நாள் பாக்கி. இரவு ரயில் பிடித்து அப்பா வந்து சேர்ந்தார், அந்தக் கறுப்புச் சட்டையோடு. வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது, ஆனால் கஞ்சி போட்டு மொடமொடப்பாக இருந்தது. ராஜாஜி மண்டபத்தில் உடலை வைத்திருந்தார்கள். வரிசை நகர நகர, வாசலுக்கு மேலே பார்த்து, "இது யாரு பேருல இருக்கற மண்டபம் கண்ணு?" என்றார். சொன்னேன்.

அப்பா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"அப்பச் செரி. சிநேகிதர் ஊட்லதான் படுத்திருக்காரு" என்றார்.