வாங்கிய கை

செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தைப் பள்ளியில் பிழையின்றி ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். ஆயினும் அதன் பொருளை எனக்கு உணர்த்தியவை ஒரு வெள்ளமும் ஒரு குவளைக் காப்பியுமே.

என் தாயார் திருநெல்வேலி டவுணில் பீடி சுற்றுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். ரேஷன் அரிசியும், புதுமைப் பெண் திட்டத்தில் மாதந்தோறும் வரும் 1,000 ரூபாயும் இல்லையேல் இந்தப் படிப்பு இல்லை. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ‘நன்றியோடு இரு’ என்று எவரேனும் சொன்னால் எனக்குக் கசக்கும். ஏழைக்கு மட்டும்தானா நன்றி? வாங்கும்போதெல்லாம் தலை குனிய வேண்டுமா? கல்லூரியில் சேர்ந்தபின் அம்மாவுக்கு உதவியாகப் பீடி சுற்றுவதையும் நிறுத்திவிட்டேன். விரலில் புகையிலை வாடை இருந்தால் தோழியர் அறிந்துவிடுவார்களே!

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் நம் மாவட்டமும் தூத்துக்குடி மாவட்டமும் பட்ட பாட்டை யாரால் மறக்க முடியும்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரைபுரண்டது. வெள்ளம் வடிந்தபின், நாட்டு நலப்பணித் திட்ட மாணவியர் சிலர் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்கு அரிசி, போர்வை, பாய் ஆகியவற்றுடன் சென்றோம். கொடுக்கும் இடத்தில் நிற்பது எனக்கு அதுவே முதல் முறை. சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது.

ஓர் ஆச்சியின் வீட்டில் பின்சுவர் இடிந்து கிடந்தது. பையை வாங்கிக்கொண்ட அவர் கும்பிடவில்லை, கண்ணீர் விடவுமில்லை.

“ஏட்டி, வெயில்ல நிக்காதே. கருப்பட்டிக் காப்பி போடுதேன், குடிச்சிட்டுப் போ” என்றார்.

“வேண்டாம் ஆச்சி, உங்களுக்கே...” என்று இழுத்தேன்.

“வாங்கத் தெரிஞ்ச கைக்குக் கொடுக்கவும் தெரியணும்லா?” என்றார்.

அக்காப்பியைக் குடிக்கையில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நினைவுக்கு வந்தது. சுமார் 800 பயணிகளோடு அது ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் வெள்ளத்தினிடையே நின்றபோது, புதுக்குடி ஊர்மக்கள் அல்லவா சமைத்துப் பசியாற்றினார்கள்! அவர்கள் ஊரையும் வெள்ளம் விட்டுவைக்கவில்லை. நன்றி என்பது குனிவது அன்று. வாங்கியதைத் தன்னோடு நிறுத்திக்கொள்ளாமல் இருப்பது என்று அன்று எனக்கு விளங்கிற்று.

இரவு வீடு திரும்பினேன். அம்மா மடியில் சுளகுடன் விளக்கடியில் அமர்ந்திருந்தார். மறுநாள் கணக்கு முடிக்க வேண்டிய இலை பாதிக்குமேல் மீதம் இருந்தது. என்னைப் படிக்க வைத்த அந்த விரல்களுக்கு ஒரு நாளாவது நான் நன்றி சொன்னதுண்டா? அப்போதும் வாய் வரவில்லை. அருகில் அமர்ந்து கத்தரியை எடுத்து இலை வெட்டத் தொடங்கினேன்.

“பரீட்சைக்குப் படிக்கலையா?” என்றார்.

“இந்த இலை முடியட்டும்மா” என்றேன்.

கல்லூரி திறந்ததும் தோழி ஒருத்தி, “என்னடி, கையில் ஏதோ வாடை?” என்று கேட்டாள். இம்முறை நான் கையை மறைக்கவில்லை.