இனிப்பு நீங்கிய மரம்

ரிஷிவந்தியத்தைச் சுற்றிக் கரும்புத் தோட்டங்கள் உண்டு. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வண்டிகள் செல்லும் பருவத்தில் சாலையெங்கும் இனிய மணம் வீசும். அத்தகைய இனிமையே ஒரு தடுப்பைச் சாய்க்கவும் கூடும் என்பதை நான் காலங்கடந்தே அறிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பிள்ளைகளின் மாலைநேரப் படிப்பிற்காக ஓர் அறையைத் தடுக்க வேண்டியிருந்தது. கையில் பணம் குறைவு. தச்சுப் பட்டறையில் மரச்சீவல் குவிந்து கிடந்தது. அதைச் சிமெண்டுடன் பிசைந்து வார்த்தால், கறையான் எளிதில் அரிக்காத, தீ எளிதில் பற்றாத பலகை கிடைக்கும் எனப் படித்திருந்தேன். முதிய கொத்தனார் எச்சரித்தார்: “சாமி, சீவலை ரெண்டு நாள் ஊறவச்சு அலசிடுவோம். பலகையும் நல்லா இறுகட்டும்.” திறப்பு விழா நாள் நெருங்கியிருந்தது. “நேரமில்லை” என்றேன். விரலால் சுரண்டினாலே உதிர்ந்த பலகைகளின்மேல் வண்ணம் பூசி மறைத்தோம்.

ஐப்பசி மழையில் அவை தரையின் ஈரத்தை உறிஞ்சி ஊதின. ஓரிரவு ஒரு பலகை சரிந்தது. மறுநாள் காலை அதன் அடியில் ஒரு பிள்ளையின் பாய் கிடந்தது. அன்று மாலையே சரிந்திருந்தால்? அக்கேள்வி என்னை நெடுநாள் உறங்கவிடவில்லை.

அதன் பின்னரே காரணத்தைத் தேடினேன். சிமெண்டின் காரநீர், மரத்திலுள்ள சர்க்கரையையும் துவர்ப்புப் பொருளையும் வெளியே இழுக்கிறது. அவை சிமெண்டுத் துகள்களைப் போர்த்தி, இறுகவிடாமல் தடுக்கின்றன. சுண்ணாம்புக் காரைக்கு வெல்லமும் கடுக்காயும் சேர்த்தனர் நம் முன்னோர். சிமெண்டுக்கோ வெல்லம் பகை!

நம் அண்டை மாவட்டமான சேலத்தின் வெள்ளைக்கல்லைச் சுட்டால் மக்னீசியா கிடைக்கும். அதை மக்னீசியம் குளோரைடு கரைசலோடு கூட்டிக் கல்லென இறுகச் செய்யும் முறையைப் பிரெஞ்சு வேதியியலர் சொரேல் 1867இல் வெளியிட்டார். அது மரத்தை நன்கு பற்றும்; ஆயினும் நீர் தேங்கினால் வலுவிழக்கும். சிறிதளவு பாஸ்பேட்டு சேர்த்தால் நீரைத் தாங்கும் ஆற்றல் கூடுமாம்.

நாங்கள் சிமெண்டையே மீண்டும் நாடினோம். இம்முறை சீவலை ஊறவைத்து, நீர் தெளியும்வரை அலசினோம். சிமெண்டை விரைந்து இறுகச் செய்யும் கால்சியம் குளோரைடை, ஆணி துருப்பிடிக்கும் என அஞ்சிச் சிறிதளவே சேர்த்தோம். எடையில் மரத்தைப்போல் இருமடங்குக்கு மேல் சிமெண்டு, நீரோ அளவோடு. பளுவேற்றி மறுநாள்வரை அழுத்தி வைத்தோம். பின்னர் ஈரச்சாக்கு போர்த்தி 28 நாள் தண்ணீர் காட்டினோம். ஓரங்களுக்கு நீர்காப்புப் பூச்சு. தரைக்கும் பலகைக்குமிடையே ஒரு செங்கல் வரிசை. ஆலைகளிலும் இதே நெறிதான். அங்கே பேரழுத்தம் கூடுதல். இத்தகைய சிமெண்டுத் துகள்பலகைகளுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் 14276 என்னும் எண்ணுடைய தரநூலை வகுத்துள்ளது.

அப்பலகைகள் பல மழைக்காலங்களைக் கண்டுவிட்டன. தண்ணீருக்கு அஞ்சிய பலகையை உறுதியாக்கியதும் தண்ணீரே: முதலில் அலசிய நீர், பின்னர் ஆற்றிய நீர். இரண்டிற்கும் தேவைப்பட்டது நான் தர மறுத்த நாள்களே. பிள்ளைகள் அத்தடுப்பில் முதுகு சாய்த்துப் படிக்கும்போதெல்லாம், கொத்தனாரின் சொல்லை ஒருமுறை நினைத்துக்கொள்கிறேன்.