நகராத சைக்கிளும் நாலு மாச மழையும்

ரொம்ப நாளாச்சு எழுதி. ஆடிட், டிரான்ஸ்ஃபர், வீடு மாற்றம் என்று வழக்கமான கதைதான். இந்த முறை வங்கியும் இல்லை, வட்டியும் இல்லை. மிதித்தாலும் இடம் விட்டு நகராத சைக்கிளைப் பற்றி. வெளியூரில் தனியாக இருந்து ஓட்டல் சாப்பாட்டில் உடம்பைக் கெடுத்துக்கொண்டிருக்கும் யாருக்காவது உபயோகப்படும்.

அம்பாசமுத்திரத்துக்காரனான எனக்குக் கேரளாவில் முதல் போஸ்டிங் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாதி ஊர் தமிழ் பேசும். சமவெளி, நல்ல ரோடு. அங்கேதான் ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். ஜூன், ஜூலையில் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்றை எதிர்த்து சித்தூர் வரை மிதித்தால் அதுவே பெரிய உடற்பயிற்சி. திரும்பும்போது காற்றே வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடும்.

அடுத்த டிரான்ஸ்ஃபர் இடுக்கி, பூப்பாறைப் பக்கம். ஏலத்தோட்டம், மூடுபனி, தினமும் காலையில் போடியிலிருந்து மெட்டு ஏறி வரும் ஜீப்கள். கவுண்டரில் பாதித் தமிழ், பாதி மலையாளம். ஊர் அழகுதான், சந்தேகமே இல்லை. சைக்கிள்தான் மூலைக்குப் போய்விட்டது. ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை மழை. தேவிகுளம் போகும் கேப் ரோடு 2019-லும் 2020-லும் மண் சரிந்து மூடிக் கிடந்த பாதை. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் லயங்கள் மண்ணோடு போய் எழுபது பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் நம் தமிழ்க் குடும்பங்கள். அதற்கப்புறம் மழைநாளில் மலைரோட்டில் விளையாட்டுக்குச் சைக்கிள் விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

மழை இல்லாத நாளில் யானை. பக்கத்துச் சின்னக்கானலில்தான் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்னும் அரிக்கொம்பன் இருந்தான். 2023 ஏப்ரலில் அவனைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அவன் அங்கிருந்து கம்பத்துக்கு வர, ஜூனில் தமிழக வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறையில் கொண்டுபோய் விட்டது. அதாவது, அவனுக்கு எங்க ஊருக்கு டிரான்ஸ்ஃபர், எனக்கு அவன் ஊருக்கு. மியூச்சுவல் டிரான்ஸ்ஃபர் :-)

சிரிப்பு இதோடு சரி. அந்த வருஷம் மூணு மாச சராசரி சர்க்கரை 7.8 வந்தது. அப்பாவுக்குச் சர்க்கரையால் கால் விரல் எடுத்தபோது நான் பி.காம். இரண்டாம் வருஷம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த அந்த ராத்திரி இன்னும் மறக்கவில்லை. "வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் வேர்க்கணும்" என்றார் டாக்டர். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கும் அதுதான், 150 முதல் 300 நிமிஷம். தினம் அரை மணி, வாரம் ஐந்து நாள். வெளியே போக முடியாது என்றால் வீட்டுக்குள்ளே மிதி. அங்கே ஆரம்பித்தது டிரெய்னர் தேடல்.

விசாரித்தவரை மூன்று வகை. முதலாவது ரோலர்: மூன்று உருளைகள் மேல் சைக்கிளை அப்படியே ஓட்ட வேண்டும். பேலன்ஸ் போனால் சுவர்தான். நாற்பது தாண்டிய எனக்கு வேண்டாம். இரண்டாவது, பின்சக்கரத்தை ஸ்டாண்டில் பூட்டி டயரை ஓர் உருளை மேல் அழுத்துவது. அதிலேயே காற்றாடி வைத்தது, காந்தம் வைத்தது, எண்ணெய் அடைத்தது என்று மூன்று உண்டு. காற்றாடி பயங்கரச் சத்தம். காந்தத்தில் லீவரைத் தள்ளி இறுக்கம் கூட்டலாம், விலை குறைவு. எண்ணெய் வகையில் லீவர் வேண்டாம், வேகம் கூடக்கூட இறுக்கம் தானே கூடும். ரோட்டில் மிதிக்கிற உணர்வு கிட்டத்தட்ட வரும்.

கடைசியாக ஸ்மார்ட் டிரெய்னர். பின்சக்கரத்தையே கழற்றிவிட்டு செயினை நேராக மெஷினில் மாட்டுவது. சத்தம் ரொம்பக் குறைவு. ஸ்விஃப்ட் மாதிரி ஆப் (மாருதி கார் இல்லை) இணைத்தால் திரையில் கற்பனை மலை வரும், ஏற்றம் வந்தால் மிதி தானாக இறுகும். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் விலை ரொம்ப அதிகம், எடை 15, 20 கிலோ. ஆப்புக்கு மாசாமாசம் தனிச் சந்தா. எல்லாவற்றுக்கும் மேல் பிளக்கில் செருக வேண்டும். இங்கே மழைக்காலத்தில் ஒரு மரம் சாய்ந்தால் கரண்ட் எப்போது வரும் என்று மரத்தைத்தான் கேட்கணும். நிஜ மலை மேல் இருந்துகொண்டு, கற்பனை மலை ஏற மாசாமாசம் பணம் கட்டுவதா? காமர்ஸ் படித்தவன் மனசு ஒப்பவில்லை.

மூன்று வருஷத்தில் மறுபடி டிரான்ஸ்ஃபர் வரும், தூக்கிக்கொண்டு போகணும். கரண்ட் வேண்டாதது, மடிக்கக்கூடியது, லீவர் வேண்டாதது என்று பார்த்து எண்ணெய் டிரெய்னரை முடிவு செய்தேன்.

இத்தனை ஆராய்ச்சி செய்தும் இரண்டு இடத்தில் கோட்டை விட்டேன். பெட்டியைப் பிரித்தால், என் சைக்கிள் பின் அச்சில் இருப்பது நட். டிரெய்னர் பிடிப்பதோ விரலால் கழற்றும் வகை அச்சை. அதற்கேற்ற வேறு நட் வாங்கவே பத்து நாள். உங்கள் சக்கர அளவு, பின் அச்சு வகை இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுங்கள்.

அடுத்தது டயர். என்னுடையது கட்டை கட்டையாக இருக்கும் மலை டயர். முதல் நாள் பத்து நிமிஷம்தான் மிதித்திருப்பேன், கீழ்வீட்டுச் சேட்டன் கதவைத் தட்டினார். "சாரே, முகளில் மில்லு தொடங்கியோ?" பாவம், அவர் வீட்டில் வயசான அம்மா. பின்னால் மட்டும் வழுவழு டயர் மாற்றினேன். அடியில் போட ரப்பர் பாய் தேடியபோது சேட்டனே கூட்டிக்கொண்டு போனார், மாட்டுத் தொழுவத்தில் விரிக்கும் ரப்பர் பாய் விற்கும் கடைக்கு! கனமானது, அதிர்வை அப்படியே விழுங்கிவிடும். மில்லுப் புகார் அன்றோடு தீர்ந்தது.

சின்ன விஷயம் இன்னும் மூன்று. வீட்டுக்குள் எதிர்க்காற்று கிடையாது, அதனால் இந்தக் குளிரிலும் வேர்வை ஊற்றும், ஃபேன் அவசியம். (பூப்பாறையில் டேபிள் ஃபேன் தேடினால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்!) கைப்பிடி மேல் துண்டு போடுங்கள், வேர்வை உப்பு போல்ட்டையெல்லாம் துருவேற்றும். டயரில் காற்று எப்போதும் ஒரே அளவில் இருக்கட்டும், குறைந்தால் உருளையில் வழுக்கும்.

தினம் சாயங்காலம் ஏழு மணி. ஃபோனை எதிரே சாய்த்து வைத்தால் அந்தப் பக்கம் அம்பையில் மனைவி, மகள். மகள் வீட்டுப்பாடம் எழுதுவாள், நான் மிதிப்பேன். பேச்சு அதிகமில்லை. ஒருநாள் அவள் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "அப்பா, இவ்வளவு நாளா மிதிக்கிறியே, இதுக்குள்ள நம்ம வீட்டுக்கே வந்திருக்கலாம்லா?" மனைவி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் வேர்வை துடைக்கிற மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அக்டோபரில் ரத்தப் பரிசோதனை: 6.9. மாத்திரை அப்படியே தொடர்கிறது, சாப்பாட்டையும் குறைத்தேன். எல்லாப் புகழும் சைக்கிளுக்கே என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாலு மாச மழையில் ஒரு வாரம்கூட 150-க்குக் கீழே போகவில்லை. கரண்ட் போன நாளில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மிதித்தேன்.

அதனால் நண்பர்களே, எது உசத்தி என்று விசாரிக்காதீர்கள். உங்கள் வீட்டில், உங்கள் ஊர் மழையில், கீழ்வீட்டுக்காரரோடு எது ஒத்துப்போகும், எதில் தினமும் ஏறி உட்காருவீர்கள் என்று பாருங்கள். அது மலிவாக இருந்தாலும் அதுதான் நல்ல டிரெய்னர்.

பி.கு.: சேட்டனுக்கும் சர்க்கரையாம். போன வாரம் மேலே வந்து பத்து நிமிஷம் மிதித்துப் பார்த்தார். இப்போது சீட்டின் உயரத்தை மாற்றுவதே எனக்கு வேலை.